வெறும் முகம்

1

போன வருடம் இரண்டாமாண்டு பி.ஏ. தமிழ் வகுப்பில் சிலப்பதிகாரம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்திமாலைச் சிறப்புசெய் காதை. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு என்பதால் பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தார்கள். கோவலன் பிரிந்தபின் கண்ணகி எப்படி இருந்தாள் என்று இளங்கோ சொல்லும் இடம் அது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். காலில் சிலம்பு இல்லை. இடுப்பில் மேகலை இல்லை. மார்பில் குங்குமம் எழுதவில்லை. காதில் குழை இல்லை. கண்ணில் மை இல்லை. நெற்றியில் திலகம் இல்லை. கூந்தலில் நெய் இல்லை.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"மேம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களும் ஒண்ணுமே போட மாட்டீங்க. வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

வகுப்பு முழுக்க விழித்துக்கொண்டது. நானும் சிரித்துவிட்டேன். "பிரச்சினைலாம் ஒண்ணும் இல்லப்பா. காலைல ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கணும், அவ்வளவுதான்" என்றேன். பாதி உண்மை. முகம் கழுவ சோப்பு, தலைக்குத் தேங்காய் எண்ணெய், தோல் மருத்துவர் சொன்னதால் வெயில் காலத்தில் சன்ஸ்கிரீன். என் பட்டியல் இவ்வளவுதான். இன்டர்வியூ என்றால் கண்ணுக்கு மை போடுவேன். அதனால் சுத்தத் துறவி என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஏழு வருடமாக இப்படித்தான் போகிறது.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அந்தக் கேள்வியைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அவள் கிண்டல் செய்யவில்லை. நான் நடத்திய பாடத்தை ஒழுங்காகப் புரிந்துகொண்டு, அதை வைத்து என் முகத்தைப் படித்திருக்கிறாள். மை இல்லாத கண் என்றால் துக்கம், பொட்டு இல்லாத நெற்றி என்றால் இழப்பு. அப்படிப் படிக்கக் கற்றுக்கொடுத்தது இளங்கோவும் நானும்தான்.

2

அந்தக் காதையை மறுபடி எடுத்துப் படித்தபோது இதுவரை கண்ணில் படாத ஒன்று பட்டது. ஒப்பனை இல்லாத ஒரு பெண்ணைச் சொல்ல இளங்கோவுக்கு ஒப்பனைப் பட்டியல் முழுவதும் தேவைப்படுகிறது. சிலம்பு, மேகலை, குங்குமம், குழை, அஞ்சனம், திலகம், நெய் எல்லாமே அந்த வரிகளில் இருக்கின்றன. 'இல்லை' என்று சொல்லப்படுவதால் இன்னும் பளிச்சென்று தெரிகின்றன. அங்கே இல்லாமல் போனது கண்ணகியின் முகம். அந்த மாலை நேரத்தில் அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கையில் என்ன வைத்திருந்தாள் என்று நமக்குத் தெரியாது. என்னென்ன போடவில்லை என்பது மட்டும் ஒன்றுவிடாமல் தெரியும்.

அதே காதையில் சற்று முன்னால் மாதவி வருகிறாள், நிலா முற்றத்தில் கோவலனோடு. பிறகு கடலாடு காதையில் அவள் ஊடலில் இருக்கும் கோவலனுக்காக அலங்கரித்துக்கொள்ளும் பகுதி வருகிறது. தமிழில் எழுதப்பட்ட மிக நீளமான மேக்கப் குறிப்பு அதுவாகத்தான் இருக்கும் என்று வகுப்பில் விளையாட்டாகச் சொல்வேன். பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை எல்லாம் ஊறிய நீரில் கூந்தலை அலசி, புகையில் உலர்த்தி, வகுத்து வகுத்துக் கஸ்தூரிக் குழம்பு ஊட்டுகிறார்கள். அதற்குப் பிறகு கால் விரலில் தொடங்கித் தலைவரை நகைகள். மாணவிகள் இந்த இடத்தில் எப்போதும் உற்சாகமாகிவிடுவார்கள். "மேம், இது ஹேர் ஸ்பா" என்பார்கள். ஆமாம், ஹேர் ஸ்பாதான். ஆனால் அதற்கு அடுத்தது கானல்வரி. இவ்வளவு அலங்காரமும் முடிந்து கடற்கரைக்குப் போனவர்கள் யாழ்ப் பாட்டில் மனம் முறிந்து பிரிந்துவிடுகிறார்கள். முப்பத்திரண்டு ஓமாலிகையாலும் அவனை ஒரு இரவு கூடுதலாக நிறுத்திவைக்க முடியவில்லை.

இதைவிடக் கூர்மையான இடம் ஒன்று உண்டு. அது முன்னால், மனையறம்படுத்த காதையில் வருகிறது. புதுமணத் தம்பதி. கோவலன் கண்ணகியின் நலம் பாராட்டுகிறான். கரும்பு, தேன், முத்து என்று போய்க்கொண்டிருக்கும் அந்தப் புகழ்ச்சிக்கு நடுவே ஒரு கேள்வி கேட்கிறான். மங்கல அணி ஒன்று போதாதா, உனக்கு எதற்கு இத்தனை நகையையும் பூட்டிவிட்டிருக்கிறார்கள்? பூவும் சாந்தும் முத்தும் இவளுக்கு எதற்கு? இன்றைய மொழியில் சொன்னால், "உனக்கு மேக்கப்பே தேவையில்லம்மா, சும்மாவே அழகு."

இரண்டு காதை தள்ளி, கோவலன் போன பிறகு, கண்ணகி எப்படி இருக்கிறாள்? மங்கல அணி தவிர வேறு அணி எதிலும் மகிழாதவளாக. கிட்டத்தட்ட அதே சொற்கள். இளங்கோ தெரிந்தேதான் செய்திருக்க வேண்டும். அவன் அன்று ஆசையாகக் கேட்டது இன்று அப்படியே நடந்திருக்கிறது, பார்க்கத்தான் அவன் இல்லை. இந்த இடத்தில் இளங்கோவின் கலை எனக்கு மயிர்க்கூச்செறிய வைக்கிறது. ஆனால் அந்தக் கலை எதன்மேல் நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணகியின் வெறும் முகம் முதலில் அவன் பாராட்டு, பிறகு அவன் பிரிவு. இரண்டிலுமே அது அவனைப் பற்றியது. நகை போட்டாலும் போடாவிட்டாலும் அதற்கான காரணம் வீட்டுக்கு வெளியே எங்கோ உலவிக்கொண்டிருக்கிறது.

மாதவி கடைசியில் இந்த வட்டத்தை உடைக்கிறாள். கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டதும் தன் மகள் மணிமேகலை கணிகையர் கோலத்தைக் காணவே கூடாது என்று முடிவெடுத்து அறத்தின் பக்கம் போகிறாள். பெரிய முடிவு. ஆனால் அலங்காரத்தை விடுவதற்கு அவளுக்குக் கிடைத்த ஒரே வாசல் துறவு. கைவிடப்பட்டவள், கைம்பெண், துறவி என்று ஒப்பனை இல்லாத பெண்ணுக்கு நம் காப்பியங்கள் மூன்று நாற்காலிகள் போட்டுவைத்திருக்கின்றன. சாப்பிட்டு, வேலைக்குப் போய், சிரித்துப் பேசி, சும்மா இருக்கும் ஒருத்திக்கு நாலாவது நாற்காலி இல்லை. என் மாணவி என்னை முதல் நாற்காலியில் உட்கார வைத்ததில் என்ன தப்பு?

3

இது பழைய கதை, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லலாம். மாறியிருக்கிறதா?

2015இல் வந்த 'பிரேமம்' படத்தில் சாய் பல்லவி முகப்பருவோடும் மேக்கப் தெரியாத முகத்தோடும் வந்தார். கேரளத்தைத் தாண்டித் தமிழ்நாட்டிலும் மலர் டீச்சர் பைத்தியம் பிடித்து ஆட்டியது. கல்லூரியில் நான் கெஸ்ட் லெக்சரராகச் சேர்ந்த புதிதில் எனக்கும் கொஞ்ச நாள் அந்தப் பெயர் இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. பிறகு 2019இல் அவர் ஒரு சிவப்பழகு க்ரீம் விளம்பரத்தில் நடிக்க மறுத்தது செய்தியானது. அந்த மறுப்பின்மேல் எனக்கு இன்றுவரை மரியாதை உண்டு. ஆனால் அவரைக் கொண்டாடியவர்கள் எழுதிய வாக்கியங்களைக் கவனித்தால், பெரும்பாலும் எல்லாம் ஒரே வாக்கியம்தான்: மேக்கப் இல்லாமலே எவ்வளவு அழகு! மனையறத்தில் கோவலன் சொன்னதிலிருந்து இது ஒரு அங்குலம்கூட நகரவில்லை. முகத்தில் பூசுவதை நிறுத்தினாலும் முகத்துக்கு மதிப்பெண் போடுவது நிற்கவில்லை. மேக்கப் இல்லாத பிரிவு என்று ஒரு புதிய போட்டி ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்கப் பாடகி அலிசியா கீஸ் 2016இல் இனி முகத்தை மூடிக்கொள்ள விரும்பவில்லை என்று ஒரு கட்டுரை எழுதினார். அந்த வருடம் எம்டிவி விருது விழாவுக்கும் மேக்கப் இல்லாமல் வந்தார். அதை அப்போது ஹாஸ்டலில் உட்கார்ந்து நாங்கள் கூட்டமாகப் படித்தோம். நான் ஒப்பனையைக் குறைத்ததில் அந்தக் கட்டுரைக்கும் பங்கு உண்டு. 2020இல் அவர் பெயரிலேயே சருமப் பராமரிப்பு பிராண்ட் ஒன்று சந்தைக்கு வந்தது. அவரைக் குற்றம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அது அவர் தொழில். ஆனால் சந்தை எவ்வளவு சாமர்த்தியமானது என்பது தெரிந்தது. வெறும் முகத்தையும் அதற்கு ஒரு பட்டியலாக மாற்றத் தெரியும். இன்று 'நோ மேக்கப் லுக்' என்று யூடியூபில் தேடினால் ப்ரைமர், கன்சீலர், டின்ட், புருவ ஜெல், செட்டிங் ஸ்ப்ரே என்று நீண்டுகொண்டே போகும். ஒன்றும் போடாததுபோல் தெரிவதற்கு இத்தனை போட வேண்டியிருக்கிறது. இல்லாததைச் சொல்ல இருப்பதையெல்லாம் வரிசைப்படுத்திய இளங்கோவின் உத்தியேதான். என்ன, இங்கே ஒவ்வொன்றுக்கும் விலை ஒட்டியிருக்கிறது.

4

இதில் நிறத்தைப் பேசாமல் போனால் நான் பாதிப் பொய் சொல்வதாக ஆகும். நான் கறுப்பு. 'மாநிறம்' என்று மேட்ரிமோனியில் போடுவார்களே, அதையும் தாண்டி.

என் துறையில் இன்னொரு ஆசிரியை இருக்கிறார், நல்ல தோழி, சிவந்த நிறம். அவரும் பெரிதாக ஒன்றும் போடுவதில்லை. அவரைப் பார்த்து "மேடம் எப்பவும் ஃப்ரெஷ்ஷா இருக்கீங்க" என்பார்கள். என்னைப் பார்த்து "என்ன மேடம், உடம்பு சரியில்லையா? டல்லா இருக்கீங்க" என்பார்கள். இருவரும் அதே பஸ்ஸில் வந்து இறங்கியிருப்போம். வெறும் முகம் எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. அவருக்கு எளிமை என்று வரவு வைக்கப்படுவது எனக்குக் கவனமின்மை என்று பற்று எழுதப்படுகிறது.

சங்கப் பாடல்கள் நடத்தும்போது இது வேறு மாதிரி உறுத்தும். அங்கே பெண்ணின் அழகுக்குப் பெயர் மாமை. மாந்தளிரின் நிறம் என்று உரைகள் சொல்லும். அவன் பிரிந்து போனால் அந்த மாமையைத் தின்றுகொண்டு ஒரு வெளிறல் படரும், அது பசலை. குறுந்தொகையில் வெள்ளிவீதியார் கலங்குவது தன் மாமை யாருக்கும் பயன்படாமல் பசலைக்கு இரையாகிறதே என்றுதான். அதாவது வெளுப்பது நோய், மாமை ஆரோக்கியம். அந்த மொழியைப் பேசுகிறவர்கள் நாம். 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. தாய்மார்கள் மளிகைப் பட்டியலில் மஞ்சள்தூளுக்குக் கீழே அதை எழுதினார்கள். பசலையை ட்யூபில் அடைத்துக் கொடுத்தார்கள், நாம் காசு கொடுத்து வாங்கிப் பூசிக்கொண்டோம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து நானும் பூசியிருக்கிறேன், கழுத்தை விட்டுவிட்டு முகத்துக்கு மட்டும்.

எதிர்ப்பே இல்லை என்று சொல்ல முடியாது. 2009இல் சென்னையிலிருந்துதான் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் கிளம்பியது. பிறகு நந்திதா தாஸ் அதன் முகமானார். 2014இல் இந்திய விளம்பரத் தர மன்றம், கறுப்பு நிறம் உள்ளவர்களைக் கவலையில் மூழ்கியவர்களாக, தோற்றவர்களாகக் காட்டக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. 2020இல் அந்த க்ரீம் தன் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் கறுப்பும் அழகுதான் என்று யாராவது என்னிடம் சொல்லும்போது எனக்கு நன்றியோடு கொஞ்சம் களைப்பும் வரும். அழகுதான் என்று ஏன் நிரூபிக்க வேண்டும்? அழகாக இல்லாமலும் ஒரு நாளைக் கழிக்க முடியாதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கதர்ச் சேலை கட்டிய தமிழ் ஆசிரியையிடம் யாரும் லிப்ஸ்டிக் எதிர்பார்ப்பதில்லை. ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண்ணிடம், ரிசப்ஷனில் உட்காரும் பெண்ணிடம் எதிர்பார்க்கிறார்கள். அவர்களுக்கு அது யூனிஃபார்மில் சேர்த்தி. ஆகவே என் தேர்வை வீரம் என்று நான் எங்கும் சொல்லிக்கொள்வதில்லை. யாருக்கும் சிபாரிசும் செய்வதில்லை.

5

அம்மாவுக்கு முப்பத்தாறு வயதில் அப்பா போய்விட்டார். நான் அப்போது ஆறாம் வகுப்பு. பத்தாம் நாள் காரியத்தில் என்ன நடந்தது என்று விவரிக்கப் போவதில்லை, ஊர்ப் பக்கம் பார்த்தவர்களுக்குத் தெரியும். நெற்றி, கை, தலை மூன்றும் வெறுமையாகி அம்மா திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன்னால் சாயங்காலமானால் முகம் கழுவி, பவுடர் போட்டு, சாந்துக் குப்பியைத் திறந்து குச்சியால் பொட்டு வைத்துக்கொள்வாள். கண்ணாடி முன்னால் அவள் அப்படி நிற்கும் ஐந்து நிமிடம் எங்கள் யாருக்கும் அவளைக் கூப்பிட உரிமை கிடையாது.

இருபத்து நாலு வயதில் நான் ஒவ்வொன்றாக விட்டபோது அம்மா ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "எங்கிட்டேருந்து நாலு பேர் சேர்ந்து புடுங்கினாங்கடி. நீ என்னடான்னா நீயாவே தூக்கிப் போடற. எனக்குப் பாக்கவே புடிக்கல."

நான் அப்போது படித்திருந்த எதுவும் அதற்குப் பதில் சொல்ல உதவவில்லை. பெரியாரைச் சொல்லலாம். நகை, பூ, சிங்காரிப்பு எல்லாம் பெண்ணைப் பொம்மையாக்கும் ஏற்பாடு என்று அவர் எவ்வளவோ காலத்துக்கு முன்பே பேசிவிட்டார். கூந்தலைக் கத்தரித்துக்கொள்ளச் சொன்னார். அதே பெரியார்தான் கைம்பெண்ணின் கோலத்தை எதிர்த்தும் பேசினார். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள அவரால் முடிந்தது. என்னால் அன்று முடியவில்லை. என் வெறும் நெற்றி எனக்கு விடுதலை, சரி. அவள் கண்ணுக்கு அது அவளுடைய தண்டனையின் நகல். ஒரே வீட்டில் இரண்டு வெறும் நெற்றிகள் எதிரெதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

இரண்டு வருடம் முன்பு ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை வாங்கி அவள் அலமாரியில் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை, அவளும் ஒன்றும் கேட்கவில்லை. அட்டையில் பொட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. ராத்திரி சீரியல் பார்க்கும்போது வைத்துக்கொள்கிறாள். காலையில் பால்காரர் மணி அடித்தால் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போய்க் கதவைத் திறக்கிறாள். எங்கள் வீட்டுக் கண்ணாடியின் இடது ஓரம் முழுக்க மெரூன் புள்ளிகள். ஒப்பனை என்பது ஆணாதிக்கத்தின் ஏற்பாடு என்று மேடையில் யாராவது பேசும்போது நான் தலையாட்டுவேன், ஆனால் அந்தக் கண்ணாடி ஞாபகத்துக்கு வந்து ஆட்டம் பாதியில் நின்றுவிடும். அந்தப் பொட்டைப் பார்க்க அங்கே ஒரு ஆணும் இல்லை. அவள் அதை யாருக்காகவும் வைத்துக்கொள்ளவில்லை. என் வெறும் நெற்றியும் யாருக்காகவும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி என்பது எனக்குப் புரிய ஏழு வருடம் ஆகியிருக்கிறது.

6

நான் தேடிய நாலாவது நாற்காலியைக் காப்பியத்தில் பார்க்கவில்லை, ஒரு படத்தில் பார்த்தேன். 1988இல் வந்த பாலு மகேந்திராவின் 'வீடு'. அர்ச்சனாவின் சுதா. திரையில் தெரியும்படி மேக்கப் என்று எதுவும் இல்லாத கறுத்த முகம். படம் முழுக்க அந்த முகம் வெயிலில் கிடக்கிறது, வியர்க்கிறது, கடன் கணக்குப் போடுகிறது. சிமெண்ட்டைத் திருடி விற்ற கான்ட்ராக்டரோடு சண்டை போடுகிறது. தாத்தா சாகிறார். கடைசியில் வீடு கட்டிய நிலமே தன்னுடையது என்று குடிநீர் வாரியம் வந்து நிற்கிறது. இந்தக் களேபரத்தில் சுதாவின் முகம் அழகா இல்லையா என்று யோசிக்க நமக்கு நேரமே இருப்பதில்லை. அது ஒரு குறியீடாகவும் நிற்கவில்லை. அவள் துயரத்தில் இருக்கிறாள், ஆனால் பூச்சு இல்லாததால் அல்ல, வீடு போனதால். அர்ச்சனாவுக்கு அதற்குத் தேசிய விருது கிடைத்தது.

நடிகைகளுக்கு மேக்கப் வேண்டாம் என்று தீர்மானித்தவரும் ஒரு ஆண் இயக்குநர்தானே, அவர் கேமராவும் அந்த முகத்தை ரசிக்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மற்ற சில படங்களில் அந்த ரசனை எனக்கும் உறுத்தியிருக்கிறது. 'வீடு' படத்தில் மட்டும் கதை கேமராவை அதற்கு விடவில்லை. அந்த முகத்துக்கு வேறு வேலை இருந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான். என் முகம் அழகு என்றோ புரட்சி என்றோ எளிமை என்றோ யாரும் படிக்க வேண்டாம். அதற்குப் பின்னால் இருந்து நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டால் போதும்.

இந்த வருடம் அதே காதை மறுபடி வந்தது. நடத்தி முடித்துவிட்டு வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன். அன்று மாலை கண்ணகி எப்படி இருந்தாள் என்று ஐந்து வரி எழுத வேண்டும். நகை, மை, பொட்டு, பூ, எண்ணெய் எதையும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. கால் மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "மேம், அப்ப என்னதான் எழுதறது?" என்று ஒருத்தன் கேட்டான். நிறையத் தாள்கள் அழுகையிலேயே முடிந்தன.

ஒரு மாணவி மட்டும் இப்படி எழுதியிருந்தாள். கண்ணகி ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் யாரோ மீன் விலைக்குச் சண்டை போட்டார்கள். விற்கிறவள் சொல்வதுதான் சரி என்று கண்ணகிக்குத் தோன்றியது. எழுந்து போய்ச் சொல்லலாமா என்று யோசித்தாள்.

பத்துக்குப் பத்து போட்டேன்.